முன்னால் ஏற முப்பது ரூபாய்

நான் மூன்று வருடம் ஒரு பொருளை விற்றுக்கொண்டிருந்தேன். அது என்ன பொருள் என்று எனக்கே தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் நைட்டி வியாபாரம் செய்த ஒரு பெண்மணி. அவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. போட்டால், "என் பேரப் போட்டதுல உனக்கு இன்னா கெடைச்சுது நைனா?" என்று எங்கிருந்தாவது வந்து கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் திராணி எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு மாவு மில்லுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பூட்டுப் போட்ட டெலிபோன். வாசலில் நாளெல்லாம் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும். போர்ட் பிளேருக்குக் கப்பலில் போகிறவர்களுக்கு ஃபாரம் பூர்த்தி செய்து, அவர்களுக்காக கவுன்ட்டர் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கித் தருவது எங்கள் தொழில். அதில் பெரிதாக லாபம் ஒன்றும் நிற்காது. முதலாளிக்கு நின்றது வேறொன்றில். அதற்கு அவர் வைத்த பெயர் 'முன் ஏற்றம்'.

விஷயம் இதுதான். கப்பலில் ஏழைகள் போவது அடித்தட்டில். பங்க் என்பார்கள். இரும்புக் கட்டில்கள் இரண்டு அடுக்காக, வரிசை வரிசையாக இருக்கும். மூன்று நாள் பயணம். டிக்கெட்டில் கட்டில் எண் எழுதியிருக்கும். ஆனால் கீழே இறங்கியதும் அந்த எண்ணை ஜனங்கள் மறந்துவிடுவார்கள். யார் முதலில் துண்டு விரித்தாரோ அவர் கட்டில். அதனால் எல்லோருக்கும் முதலில் ஏற வேண்டும். மூட்டை சுமக்கும் போர்ட்டர்களை மட்டும் முன்னாலேயே உள்ளே விடுவார்கள். எங்களிடம் முப்பது ரூபாய் கொடுத்தால், போர்ட்டர் தலையில் உங்கள் மூட்டை, போர்ட்டர் முதுகுக்குப் பின்னால் நீங்கள். யாராவது கேட்டால் சாமானோடு வந்தவர் என்று சொல்லிவிட வேண்டியது. போர்ட்டருக்குப் போக, முதலாளிக்குப் போக, எனக்கு ஐந்து ரூபாய்.

அந்த ஐந்து ரூபாய்க்காக நான் எவ்வளவு பேசுவேன் என்கிறீர்கள்! தேன் ஒழுகும்.

ஒருநாள் காலை அவர் வந்தார். நாற்பது வயது இருக்கலாம். நல்ல உயரம், இரண்டு மூக்குத்தி, கழுத்தில் மாலை போலத் தொங்கும் தையற்காரர் டேப். வண்ணாரப்பேட்டையில் மொத்தமாக நைட்டி வாங்கி, போர்ட் பிளேரில் தங்கை வீட்டில் தங்கி, அங்கே உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு விற்பவர் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். அன்று மேசைக்கு முன்னால் நின்று நேராகக் கேட்டார்.

"முன்னால ஏறினா இன்னா கெடைக்கும்?"

"நல்ல எடம் கெடைக்கும்க்கா."

"நல்ல எடம்னா?"

"ஜன்னல் ஓரம். காத்து ஜிலுஜிலுன்னு வரும்."

அவர் என்னைக் கேலியாகப் பார்க்கவில்லை. அக்கறையோடு பார்த்தார். அதுதான் எனக்கு உறுத்தியது.

"தண்ணிக்குக் கீழ கீற தட்டுல ஏது நைனா ஜன்னலு? தொறந்தா மீன்தான் உள்ள வரும். நீ கப்பலுக்குள்ள போயிருக்கியா?"

"ரெண்டு தபா போயிருக்கேன்."

பச்சைப் பொய். கப்பல் ஏணியின் முதல் படியைக்கூட நான் மிதித்ததில்லை. அவருக்கும் அது தெரிந்துவிட்டது. ஆனாலும் முப்பது ரூபாயை மேசைமேல் வைத்தார்.

"போன தபா கடைசில ஏறினேன். இந்த தபா மொதல்ல ஏறிப் பாக்கறேன். வந்து சொல்றேன். விக்கறவனும் தெரிஞ்சிக்கணும் இல்ல?"

அப்படிப் போகிற போக்கில் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் எதையும் போகிற போக்கில் சொல்கிற ஆள் இல்லை என்பது பழகப் பழகத்தான் புரிந்தது. எங்கேயாவது கூடுதலாகக் காசு கேட்டால் போதும், அந்தக் கூடுதலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கஞ்சத்தனம் இல்லை. கஞ்சன் காசைக் கொடுக்க மாட்டான். இவர் கொடுத்துவிட்டு, கொடுத்ததைப் பின்தொடர்ந்து போவார்.

திருவொற்றியூர்க் கோயில் மாசித் திருவிழாவுக்கு ஒரு வருடம் வீட்டுக்காரரை தர்ம தரிசன வரிசையில் நிற்க வைத்துவிட்டு, தான் சீட்டு வாங்கிச் சிறப்பு தரிசன வரிசையில் போனார். வெளியே வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வளையல் கடை ஓரமாக நின்று ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். எனக்கு அந்தத் தீர்ப்பை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

"நான் கிட்டப் பாத்தேன் நைனா. அம்மன் மூக்குத்திக் கல்லு எண்ணலாம், அவ்ளோ கிட்ட. ஆனா 'நகரு நகரு'ன்னுட்டாங்கோ. அவரு தூரத்துல நின்னாரு. வரிசை மாட்டிக்கிச்சி. கால் மணி நேரம் நின்ன எடத்துலயே பாத்துகினு கீறாரு. நான் கிட்டப் பாத்தேன், அவரு நெறையப் பாத்தாரு."

"அப்ப எதுக்கா நல்லது?"

"எனக்கு கிட்ட வேணும். அவருக்கு நெறைய வேணும். மாத்தி நின்னிருந்தா ரெண்டு பேருமே பேஜாராயிருப்போம்."

அவர் வீட்டுக்காரர் ஒருமுறை மூட்டை தூக்க அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஒடிசலான, சிரித்த முகமுள்ள மனிதர். என் காதருகே குனிந்து சொன்னார். "இவகூட வெளிய போனா ஒரே வரிசைல நின்னதே இல்ல தம்பி. நான் ஒரு வரிசை, இவ ஒரு வரிசை. கண்ணாலத்தன்னிக்கி மட்டும்தான் ஒண்ணா நின்னோம்."

அந்த அம்மாள் ஒருமுறை திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போகும்போது ரயிலில் முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தார். போகும்போது முதல் வகுப்பு, வரும்போது சாதா. வந்து சொன்னார்: "சீட்டுல பஞ்சு கீது. மெய்யாலுமே சோக்கா கீது. ஆனா உள்ள ஒரே ஒரு ஆளு, அவனும் தூங்கறான். வரும்போது நின்னுகினுதான் வந்தேன். கருவாட்டுக்காரி ஒருத்தி மாமியார் கதைய எடுத்தா பாரு, எறங்கவே மனசு வர்ல." இரண்டில் எது மேல் என்று சொல்லவில்லை. அப்படித்தான். அவருக்கு மார்க் போடும் பழக்கம் இல்லை.

முதல் கப்பல் விவரத்துக்கு வருகிறேன். ஒன்றரை மாதம் கழித்து வந்தார். மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்து டேப்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார்.

"கீழ் கட்டிலுதான் கெடைச்சுது. காத்துக் கொழாய்க்கு நேர் கீழ."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியாக்கா!"

"இரு. காத்து எப்ப வந்துச்சி தெரியுமா? கப்பல் கெளம்பினப்புறம். அதுவரைக்கும் காத்தும் இல்ல ஒண்ணியும் இல்ல. காலைல பத்து மணிக்கு ஏறினேன். கெளம்பறது அஞ்சு மணிக்கு. ஏழு மணி நேரம் வெந்துகினு கீறேன். எழுந்து மேல போனா எடம் பூடும். ஒண்ணுக்குக்கூடப் போவல நைனா. கடைசில ஏறுனவங்கோ ஹார்பர் ஷெட்ல ஃபேன் கீழ குந்திக்கினு, இட்லி துன்னுட்டு, மூணு மணிக்கு ஆடி அசைஞ்சி வராங்கோ. அவங்களுக்கு மேல் கட்டிலுதான். ஆனா மூஞ்சில வேர்வை இல்ல."

"அப்ப வேஸ்ட்டுன்றியா?"

"நான் எப்ப அப்டி சொன்னேன்? மூணு நாளு நல்லாத்தான் படுத்தேன். நீ விக்கறது எடம் இல்ல நைனா. காவலு. ஏழு மணி நேரம் காவல் இருந்தா மூணு நாளு படுக்கலாம். அத்தச் சொல்லி வில்லு."

அதைச் சொல்லி விற்றால் யார் வாங்குவார்கள்? நான் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் ஜன்னல் ஓரத்தையே விற்றேன். தண்ணீருக்குக் கீழே ஜன்னல் இல்லை என்று தெரிந்த பிறகும் விற்றேன், அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பரீட்சை. ஒருமுறை மேல் கட்டில், ஒருமுறை கப்பலின் மூக்குப்பக்கம், ஒருமுறை வால்பக்கம். டேப்பால் கட்டிலை அளந்து வந்தார். கீழ்க்கட்டில் அகலம் இரண்டடி மூன்று அங்குலம், மேல்கட்டில் இரண்டடி. "இந்த மூணு அங்குலத்துக்குத்தான் அல்லாரும் அடிச்சிக்கறாங்கோ." இரண்டாம் நாள் கடல் தூக்கிப் போடும்போது மேலே படுத்தவர் வாந்தி எடுத்தால் கீழே படுத்தவருக்கு என்ன ஆகும் என்பதை அவர் கையால் காட்டிய பிறகு, இரண்டு நாள் நான் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

பெரிய டிக்கெட் எடுத்தவர்களின் கேபினுக்குள் என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். டிக்கெட் விலை கட்டுப்படியாகாது. அதனால் நைட்டி மூட்டையோடு கதவைத் தட்டி உள்ளே போய்விட்டார்.

"இன்னா இருந்துச்சிக்கா உள்ள?"

"கதவு கீது. உள்பக்கம் தாப்பா போட்டுக்கலாம். துட்டெல்லாம் அந்தத் தாப்பாளுக்குத்தான். ஆனா பாவம் அந்தம்மா, ஏறின நாளா கதவ மூடிக்கினு வாந்தி. யாரு எவ்ளோ குடுத்தாங்கோன்னு கடலுக்கு இன்னா தெரியும்?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ரெண்டு நைட்டி வாங்கினாங்கோ. நல்ல மாதிரி" என்றார்.

எனக்கும் அவருக்கும் ஒரே ஒருமுறை சண்டை வந்தது. சண்டை போட்டது நான் மட்டும்தான். கப்பலுக்கு முந்தின நாட்களில் அவர் எங்கள் வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, டிக்கெட்டுக்கு வரும் ஜனங்களிடம் தான் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்திருந்தார். ஏழு மணி நேரம், வேர்வை, மூன்று அங்குலம், எல்லாம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மா நம்ம கடைல வேலை பாக்குதா, இல்ல எதிர்க் கடைக்கா?" என்று கேட்டார். நான் வெளியே வந்து குரலை உயர்த்தினேன்.

"ஏன்க்கா என் பொழப்புல மண்ணள்ளிப் போடற?"

அவருக்குக் கோபமே வரவில்லை. புரியாமல் விழித்தார். "வாங்காதேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலியே நைனா. இன்னா கீதுன்னுதான் சொன்னேன். அதோ அந்தக் காலு முடியாத பெரியவரு, கேட்டுட்டு உடனே துட்டு எடுத்தாரா இல்லியா?"

எடுத்தார்தான். காவல் உட்காரத் தயாராக இருந்தவர்கள் தெரிந்தே வாங்கினார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஐந்து ரூபாய்கள் குறைந்தன. ஆனால் ஊரிலிருந்து திரும்பி வந்து என் சட்டையைப் பிடிக்கிறவர்களும் குறைந்தார்கள்.

அடுத்த வருடம் மே மாதம் என் முறை வந்தது.

என் மனைவிக்குப் பிறந்த வீடு போர்ட் பிளேர். அங்கே மர மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, பக்கவாதத்தில் படுத்துவிட்டார் என்று தந்தி வந்தது. இவள் ஒரே மகள். அப்போது வயிற்றில் ஐந்து மாதம். அதற்கு முந்தின வருடம் ஒன்று நான்காம் மாதத்தில் கலைந்திருந்தது. விமானம் எங்கள் கைக்கு எட்டாதது. தண்டையார்பேட்டை டாக்டரம்மா யோசித்து யோசித்துத்தான் சரி என்றார். மூன்று நிபந்தனை வைத்தார். மேல்கட்டில் ஏறி இறங்கக் கூடாது. வெக்கையில் கிடக்கக் கூடாது. உடம்பில் தண்ணீர் குறையக் கூடாது.

பள்ளிக்கூட விடுமுறைக் கூட்டம். ஊருக்கே டிக்கெட் வாங்கிக் கொடுத்தவனுக்கு ஒரே ஒரு பங்க் டிக்கெட்தான் கிடைத்தது. அவள் தனியாகத்தான் போக வேண்டும்.

டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் ஏற்றத்தில் அனுப்பினால் கீழ்க்கட்டில் நிச்சயம். ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் ஏழு மணி நேரம் அந்த இரும்பு அறைக்குள் வெந்துகொண்டிருக்க வேண்டும். கடைசியில் அனுப்பினால் நிழலில் இருப்பாள். ஆனால் மேல்கட்டில்தான் மிஞ்சும். இரண்டிலும் குழந்தைக்கு ஆபத்து. மூன்று வருடமாக நூற்றுக்கணக்கான பேருக்கு 'கண்ண மூடிக்கினு முன் ஏற்றம் எடு' என்று சொன்ன எனக்கு, என் பெண்டாட்டிக்கு எதை எடுப்பது என்று தெரியவில்லை.

பஸ் பிடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து நைட்டிகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, நான் கப்பலுக்குள்ள போனதே இல்ல" என்றேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

"அது தெரியும். இப்ப இன்னா?"

சொன்னேன். அவர் ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். டீசல் நாற்றம் ஒத்துக்கொள்ளுமா? இடப்பக்கமா வலப்பக்கமா, எப்படிப் படுப்பாள்? கூட்டத்தில் வாய் திறந்து தண்ணீர் கேட்பாளா, கூச்சப்படுவாளா? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. கூச்சப்படுவாள் என்பது மட்டும் தெரியும்.

"நானும் இதே கப்பலுக்குத்தான் போறேன்" என்றார். "அவள மூணு மணிக்கு அனுப்பு. அதுவரைக்கும் ஷெட்ல ஃபேன் கீழ குந்தட்டும். நான் முன்னாடி போயி எடம் புடிச்சி வெக்கறேன்."

"உங்க எடம்?"

"அது அந்தாண்ட எங்கனா கெடைக்கும்."

நான் அதோடு விட்டுவிட்டேன். ஒரு காசுக்கு ஒன்பது கேள்வி கேட்கிறவர் இவர். அவரிடம் நான் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். என் கவலை தீர்ந்த சந்தோஷத்தில் அது தோன்றவில்லை.

கப்பல் கிளம்பும் அன்று காலை பத்து மணிக்கு அவர் போர்ட்டருக்குப் பின்னால் உள்ளே போனார். கையில் என் மனைவியின் போர்வையும் தலையணையும். நானும் மனைவியும் ஷெட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். தயிர்சாதம் சாப்பிட்டோம். நடுவில் அவள் என் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் தூங்கினாள். ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது. மூன்று மணிக்கு எழுந்து, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு போனாள்.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அலுவலக டெலிபோன் அடித்தது.

"நல்லா இருக்கேங்க. தூங்கித் தூங்கித்தான் வந்தேன். கீழ் கட்டில், காத்துக்கு நேரா. அந்தக்கா எல்லாம் விரிச்சி வெச்சிருந்தாங்க. 'என் எடம் அந்தாண்ட கீது'ன்னுட்டுப் போய்ட்டாங்க. அப்பப்ப வந்து எலுமிச்சம்பழமும் தண்ணியும் குடுத்தாங்க. வாந்திகூட இல்லீங்க."

செப்டம்பரில் பிள்ளை நல்லபடியாக அங்கேயே பிறந்தது. பெண்.

அவர் அதற்கு முன்பே, ஜூன் கடைசியில் திரும்பி வந்தார். வழக்கம்போல எதிர் நாற்காலி, விரலில் டேப். முகத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த களை.

"தரையப் பத்தி ஒண்ணு தெரிஞ்சிக்கினேன் நைனா. கட்டிலுக்கு நடுவுல ஆளுங்க நடக்கற தரை. அதுதான் கப்பல்லயே ஜில்லுனு கீது. அடில தண்ணி ஓடுது இல்ல? ஆனா போறவன் வரவன் அல்லாரும் மெதிக்கறான். இதோ பாரு." கால் சுண்டுவிரலைக் காட்டினார். நகம் கறுத்திருந்தது.

"தரைல எதுக்குக்கா படுத்தீங்க?"

"கட்டிலு ஏது? நான் இங்க காவல் குந்திக்கினு இருந்தப்ப, அந்தாண்ட என் நம்பர்ல ஒரு குடும்பமே ஏறிடுச்சி. கைக்கொழந்தை வேற. எழுப்ப முடியுமா? மூட்டைய தலைக்கு வெச்சிகினு தரைல படுத்துட்டேன். நாலு நைட்டி மட்டும் உப்புத்தண்ணில நனைஞ்சி போச்சி."

மழை பெய்தது, துணி நனைந்தது என்பதுபோலச் சொன்னார். நான் ஃபேனுக்குக் கீழே தயிர்சாதம் சாப்பிட்ட ஐந்து மணி நேரமும், அதற்குமேல் மூன்று நாளும் கண்முன் வந்தன. வெட்கமாக இருந்தது. மேசை டிராயரைத் திறந்து, இருந்த ரூபாயை எடுத்து நீட்டினேன்.

"இன்னாத்துக்கு?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "தரை எப்டி இருக்கும்னு நான் பாத்ததில்ல. பாத்துட்டேன். அத்த உடு. உன்கிட்ட வேற ஒண்ணு கேக்கணும். உன் பொஞ்சாதி மூணு நாளு தூங்கினா பாரு, அந்த மாதிரித் தூக்கத்த நான் கப்பல்ல பாத்ததே இல்ல. நாலு தபா போயிப் பாத்தேன். வாயத் தொறந்துகினு, கையி ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். எடத்த யாரு புடிச்சா, எவ்ளோ ஆச்சி, ஒண்ணியும் கேக்கல. வந்தா, படுத்தா. அது எப்டி இருக்கும் நைனா? நான் ஒரு தபாகூட அப்டிப் படுத்ததில்ல."

அதைக் கேட்கும்போது அவர் முகத்தில் பொறாமை இல்லை. கோயில் வரிசையைப் பற்றிப் பேசும்போது இருந்த அதே ஆவல்தான் இருந்தது.

ஆகஸ்ட்டில் அவர் அடுத்த பயணம் போனார். அவருக்குத் தெரியாமல் ஓர் ஏற்பாடு செய்தேன். கட்டட வேலைக்குப் போகும் ஒரு கொத்தனார் டிக்கெட்டுக்கு வந்திருந்தார். அவருக்கு முன் ஏற்றம் சும்மா கொடுத்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீழ்க்கட்டில் பிடித்து, ஒன்றில் இந்த அம்மாள் வரும்வரை யாரையும் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். இவரை ஷெட்டில் உட்காரச் சொன்னேன். "மூணு மணிக்குப் போங்க. போயி படுங்க. ஒண்ணும் கேக்காதீங்க" என்றேன். அவருக்குக் குஷி தாங்கவில்லை. சின்னப் பெண்போலச் சிரித்தார். மூன்று மணிக்குக் கையை வீசிக்கொண்டு போனார்.

திரும்பி வந்த அன்று நானே முந்திக்கொண்டேன். "எப்டிக்கா இருந்துச்சி?"

அவர் டேப்பைத் தொடவில்லை. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"கீழ எறங்கிப் போறேன். அந்த ஆளு துணியெல்லாம் நனைஞ்சி, தண்ணில முக்கி எடுத்தா மாதிரி குந்திக்கினு கீறாரு. என்னப் பாத்ததும் எழுந்து, 'வாங்கம்மா, உங்க எடம்'ன்றாரு. படுத்தேன். கட்டிலு சூடா கீது. அவரு குந்தின சூடு. மூணு நாளு பொட்டுத் தூக்கம் இல்ல நைனா. எப்டித் தூங்கறது? கண்ண மூடினா அந்த மனுசன் மூஞ்சி."

நல்லது செய்ய நினைத்து அவருடைய மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்திருந்தேன்.

"உன் பொஞ்சாதி மட்டும் எப்டித் தூங்கினா?" என்றார்.

"அவளுக்குத் தெரியாதுக்கா. நீங்க அங்க எவ்ளோ நேரம் இருந்தீங்கன்னு தெரியாது. தரைல படுத்தது தெரியாது. நான் சொல்லல."

வெளியே ஒரு கன்டெய்னர் லாரி நகர்ந்து, மறுபடி நின்றது.

"அதான்" என்றார். பிறகு மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "சொல்லிடாத. நல்லாத் தூங்கின பொம்பளைய எதுக்கு எழுப்பணும்?"

இத்தனை வருடம் நான் சொல்லவில்லை. நான் எழுதுவதை முதலில் படிக்கிறவள் என் மனைவிதான்.